போடிமெட்டு ஏற்றமும் எண்ணெய் அழுத்த முள்ளும்

7 டிசம்பர் 2024, சனி – போடி

என் காரின் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினில் எண்ணெய்க்கென்று இருப்பது ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே. அழுத்தம் அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்கு வீழ்ந்த பிறகே அது எரியும் என்பதால், எரிவதைப் பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள், எஞ்சினின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் உராய்ந்துவிடக்கூடும். ஆகவே எண்ணெயின் வெப்பநிலைக்கு ஒன்றும் அழுத்தத்திற்கு ஒன்றுமாக இரண்டு மீட்டர்களை நேற்று மாலை நானே பொருத்தினேன். கசியக்கூடாதென்று சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகவே சுற்றினேன். இன்று காலை, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் வெப்ப முள் நடுவுக்கு வந்தபோதும் எண்ணெய் 52 டிகிரியில்தான் இருந்தது. இத்தனை நாளும் எண்ணெய் சூடேறாத இந்த நிலையில்தான் வண்டியை விரட்டியிருக்கிறேன்.

8 டிசம்பர், ஞாயிறு – பூப்பாறை

ஞாயிறு என்பதால் ஏலத்தோட்ட ஜீப்புகள் குறைவு. மலையடிவார முந்தலில் 88 டிகிரியாக இருந்த எண்ணெய், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம், மூன்றாம் கியரிலேயே ஏறி முடித்தபோது 116-ஐத் தொட்டிருந்தது. அழுத்தமோ நிமிடத்திற்கு 3000 சுற்றில் 4.5 பார், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலில் 2.6 பார். பெருமிதத்தோடு மெக்கானிக் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் மகிழவில்லை. "அவ்வளவு சூட்டுல எண்ணெய் இளகியிருக்கும் தம்பி, ஐடில்ல 2.6 எப்படி நிக்கும்? முள்ளு பொய் சொல்லுது" என்றார்.

9 டிசம்பர், திங்கள் – போடி

அண்ணன் எஞ்சினைக் கிளப்பவே இல்லை. சாவியை மட்டும் திருப்பினார். பூஜ்யத்தில் இருக்க வேண்டிய முள் 1.4-இல் நின்றது. முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டியது அது. இந்த ஒற்றைக் கம்பி சென்சாருக்கு எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி, அதன் மரை வழியாகவே கிடைக்கிறது. அழுத்தமில்லாதபோது சுமார் 10 ஓம், 10 பாரில் சுமார் 180 ஓம் என அழுத்தத்தோடு அதன் தடையும் ஏறுவதால், இடையில் சேரும் ஒவ்வொரு ஓமையும் மீட்டர் அழுத்தமாகவே கணக்கிடும். சென்சாரின் உடலுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையில் மல்டிமீட்டர் 24 ஓம் காட்டியது: மின்சாரத்தைக் கடத்தாத டேப்பின் கைங்கரியம். மீட்டர் குறைத்துக் காட்டியிருந்தால் அன்றே பதறி நிறுத்தியிருப்பேன். கூட்டிக் காட்டியதால்தான் நிம்மதியாக ஏறினேன்.

15 டிசம்பர், ஞாயிறு – போடிமெட்டு

டேப்பை நீக்கி, மரையைத் துடைத்து, செப்பு வாஷர் போட்டு முடுக்கிய பின் அதே ஏற்றம், அதே 116 டிகிரி. 3000 சுற்றில் 3.1 பார், ஐடிலில் 1.2. ஆயிரம் சுற்றுக்கு 0.7 பார் போதும் என்ற பட்டறைக் கணக்கின்படி இது தாராளம்.

எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் வாங்கும் எண்ணத்தையும் இப்போதைக்குக் கைவிட்டேன். முழு சிந்தெடிக் எண்ணெய்க்கு 116 ஒரு சுமையல்ல. சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இல்லாத கூலரை மாட்டினாலோ, மார்கழிப் பனியில் எண்ணெய் 80-ஐத் தாண்டாமல் போய், அதில் சேரும் நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல், எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பிலேயே தங்கிவிடும். கியரிலேயே இறங்கி முந்தலை அடைந்தபோது 93 டிகிரி, ஐடிலில் 1.7 பார். நோட்டில் இனி அழுத்தத்தைத் தனியாக எழுதுவதில்லை. சுற்றும் வெப்பநிலையும் அதே வரியில் வருகின்றன.