வராத முன்பல்

மே 4

மகள் உறங்கிய பிறகு அவள் ஈறை விரலால் தொட்டுப் பார்த்தேன். வலப்பக்கத்து முன்பல் முளைத்து ஓராண்டுக்கு மேலாகிறது. இடப்பக்கத்தில் இன்னும் பால்பல்லே அசையாமல் நிற்கிறது.

மே 9

எக்ஸ்ரேயில், பால்பல்லின் வேருக்கு மேலே நொய்யரிசியைக் குவித்தாற்போல் வெண்துண்டுகள். அவற்றுக்கும் மேலே, இறங்க வழியின்றி நிலைப்பல். ஒடோன்டோமா, அதாவது குட்டிப் பற்கள் அடங்கிய கட்டி, என்று எழுதிக் கொடுத்த மருத்துவர், இது புற்று அன்று, வலிக்காது என்று மூன்று முறை சொன்னார். வலித்திருந்தால் முன்பே வந்திருப்போமே. ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்தது வராவிட்டால் படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டுமாம். தாமதித்து வரும் பல்தான் உறுதியாக இருக்கும் என்று அம்மா சொன்னதை நம்பி, நான் ஓராண்டைக் கடத்தியிருக்கிறேன்.

மே 10

2019-இல் சென்னையில் ஏழு வயதுச் சிறுவனின் தாடையிலிருந்து 526 பற்களை எடுத்த செய்தியை மருத்துவர் காட்டினார். ஆறுதலுக்காகத்தான் காட்டினார்.

மே 17

மருத்துவமனைக்குப் போகும் வழியில் ரெட்டிச்சாவடி வரை பேசிக்கொண்டே வந்தவள், அரியாங்குப்பம் பாலத்தில் மௌனமானாள். மரத்துப்போக ஊசி போட்டு, பால்பல்லைப் பிடுங்கி, ஈறைத் திறந்து மெல்லிய எலும்பை நீக்கி, கட்டியை உறையோடு எடுத்தார்கள். உறையை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுப் பற்களைக் குப்பியில் போட்டுத் தந்தார்கள். மொத்தம் பதினான்கு. பெரியது பச்சரிசி அளவுதான். அதற்கும் ஒரு தலை, ஒரு வேர்.

மே 18

ஆறிய ரசம் சாதம், நான்கு வாய்.

மே 24

தையல் பிரித்தார்கள். ஆய்வக அறிக்கையும் ஒடோன்டோமா என்றே சொல்கிறது. மீண்டும் வளர்வது அரிதாம். நிலைப்பல்லின் வேர் இன்னும் முழுதாக வளரவில்லை என்பதால் அது தானாகவே இறங்கக்கூடும், சில மாதங்கள் பொறுத்துப் பார்த்து, வராவிட்டால் மட்டும் மறுபடி ஈறைத் திறந்து, பல்லில் சிறு பொத்தானை ஒட்டி மெல்லிய சங்கிலியால் சிறிது சிறிதாக இழுக்கலாம் என்கிறார்கள். மறுபடியும் பொறுப்பது. பக்கத்துப் பல் இடைவெளிக்குள் சாய்கிறதோ என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். அவள் எரிச்சலுடன் வாயை மூடிக்கொண்டாள்.

பற்களைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிய வேண்டும் என்கிறார் அம்மா. பதினான்கையுமா? நம் வீடு மொட்டைமாடி வேறு.

ஜூன் 12

தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11

புதிய எக்ஸ்ரேயில் பல் சற்று இறங்கியிருக்கிறது என்கிறார் மருத்துவர். இரண்டு படங்களையும் சன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு முறை அப்படித்தான் தோன்றியது, மறுமுறை தோன்றவில்லை.

அலமாரியில் குப்பியைக் காணவில்லை. அம்மாவைக் கேட்க வேண்டும்.