கட்டணுமாம்மா?

“இத நான்தான் கட்டணுமாம்மா?”

போனில் அந்தப் பெரியவர் கேட்டது இவ்வளவுதான். ஆமாம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கக்கூடிய கேள்வி. நான் சொன்னது: “கையெழுத்து உங்களோடதுதானே ஐயா.”

2024 ஜனவரி, மலேசியாவில் தைப்பூசத்துக்கு முந்திய வாரம். அந்தக் கடன் வசூல் வேலையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் பாத்திரம் கழுவும்போதோ பேக்டரி பஸ்ஸில் கண்ணை மூடும்போதோ அந்தப் பதில் வந்து நிற்கிறது. பொய்யா சொன்னேன்? இல்லை. கையெழுத்து அவருடையதுதான். கம்ப்யூட்டரில் அந்த மருத்துவமனைப் படிவத்தை நானே பார்த்தேன். மேலே ஆங்கிலமும் மலாயும் நெருக்கி அச்சடித்திருக்கும். கீழே உத்தரவாதம் தருபவர் போட வேண்டிய இடத்தில், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பழகிய உருண்டை எழுத்தில், தமிழில் ஒரு பெயர். அப்பா பெயரின் முதலெழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகூட மறக்காமல் வைத்திருந்தார்.

நோயாளி அவர் இல்லை, அவர் பிள்ளையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன். 2018 மார்ச்சில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு உடைந்தவனை, வழியில் போன யாரோ காரில் ஏற்றிப்போய்த் தனியார் மருத்துவமனையில் இறக்கிவிட்டார்கள். பையனின் அம்மாவுக்கு அழுகையைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. கூடப் போன பெரியவரிடம் படிவத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் மூன்றாம் வகுப்பு வார்டில் எத்தனை நாள் கிடந்தாலும் குடிமக்களுக்குக் கட்டணம் 500 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, தாண்டாது. காலுக்குள் வைக்கும் தகட்டுக்குத் தனியாகக் கேட்டிருப்பார்கள், அது வேறு. இங்கே முன்பணம் போக மீதி நின்றது 7,860 வெள்ளி. பையன் கால் தேறியதும் ஜொகூருக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் வேலைக்குத் தாண்டிவிட்டான். அம்மா இறந்துபோனார். கூப்பிட்டால் எடுக்கிற நம்பர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

இதில் பாதிக் கதை அவர் போனில் சொன்னது. எங்களுக்கு வரும் கோப்பில் பெயர், தொகை, தேதி மட்டுமே இருக்கும்.

நாங்கள் வட்டிக்கு விட்டு மிரட்டி வாங்கும் ஆலோங் கூட்டம் இல்லை. யார் வீட்டுக் கதவிலும் சிவப்புச் சாயம் ஊற்றியது கிடையாது. கூலிமில் கடைவீட்டு மாடியில் குளிர்சாதன வசதியோடு உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு பேசுகிற ஆட்கள். கத்தக்கூடாது, மிரட்டக்கூடாது, மரியாதை குறையக்கூடாது. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் என் மேசைக்கு வரும். எங்கள் தொழில் முழுக்க ‘லாம்’ என்கிற இரண்டு எழுத்தில் ஓடியது. நடவடிக்கை எடுக்கப்படலாம். கடன் விவரம் சேர்த்து வைக்கும் சிடிஓஎஸ்ஸில் பெயர் ஏறலாம். சம்மன் வரலாம். ஒன்றும் நடக்காமலும் போகலாம் என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அவரோ ‘ணுமா’ என்று கேட்டார். அதற்கு என் கையில் இருந்த தாளில் பதில் இல்லை.

சட்டம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். போடாமல் விட்டால், கடன் கொடுத்தவர் கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஆனால் கோர்ட்டில் எதிராளி ‘காலம் தாண்டிவிட்டது’ என்று சொன்னால் அத்தோடு சரி. நடுவில் ஒரு பகுதிப் பணம் கட்டினாலோ, எனக்குக் கடன் உண்டு என்று எழுதிக் கொடுத்தாலோ, ஆறு ஆண்டும் முதலிலிருந்து எண்ணப்படும். 50 வெள்ளி போதும். அவருக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது.

என் மேலாளர் அன்று காலை அந்தக் கோப்பைக் கொடுத்து, “அம்பது வெள்ளியாவது வாங்கிடு” என்றார். எட்டாயிரத்துக்குக் கிட்ட நிற்கிற கணக்குக்கு எதற்கு ஐம்பது என்று நான் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்றால், கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. மேலே ‘பிறகுதான் தெரியவந்தது’ என்று எழுதிவிட்டேன். என் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் எங்கள் பட்டியலில் ஐந்தரை வருஷம் தாண்டிய வரிகள் மஞ்சளாக இருக்கும், அது ஏன் மஞ்சள் என்று சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். சட்டத்தின் பெயரும் ஆண்டும்தான் பிறகு தெரிந்தவை. சரி, எழுதியது அப்படியே கிடக்கட்டும்.

அந்த அழைப்பு பதினோரு நிமிஷம் ஓடியது. “பாஸ்போட்ட புடிச்சி வச்சிருவாங்களா?” என்று ஒரு தடவை கேட்டார். பழனிக்கு ஒரு வேண்டுதல் பாக்கியாம். பேங்க்ரப்ட் ஆனவர்களை நாட்டை விட்டு வெளியே விடுவதில்லை என்று யாரோ ஒட்டுக்கடையில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒருவரைத் திவாலாக்க வழக்குப் போடுவதற்குக் கடன் குறைந்தது ஒரு லட்சம் வெள்ளி இருக்க வேண்டும். 7,860க்கு யாரும் அவர் பாஸ்போர்ட்டைத் தொட முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்னது: “இப்ப கொஞ்சம் கட்டிட்டீங்கன்னா பிரச்சினை இருக்காது ஐயா.” இதுவும் பொய்யில்லை, பாருங்கள்.

முடிக்கும்போது, “நீ எந்தத் தோட்டத்துப் பிள்ளம்மா?” என்றார்.

“கேஎல்ல இருந்து பேசறேன் ஐயா.”

எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக்கூடாது என்பது விதி. அதற்காக கேஎல், கோலாலம்பூர் என்று சொல்லச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை. அவர் விலாசத்தில் இருந்த தோட்டம் பாடாங் செராய் பக்கம், என் அம்மா பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். அன்று பேசியதில் சுத்தமான பொய் என்றால் இந்த ஒன்றுதான். கேவலம், பல நாள் இதற்காக மட்டுமே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். மற்றதை யோசிக்காமல் இருக்க இது வசதியாக இருந்ததோ என்னவோ.

அன்று சாயங்காலமே பேத்தியின் போனிலிருந்து 50 வெள்ளி வந்துவிட்டது. மஞ்சள் வரி வெள்ளையானது. மேலாளர் தட்டிக்கொடுத்தார். எனக்கு வந்த கமிஷன் ஒரு தே தாரேக் டீக்குக் காணும்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை வைத்தியம் பார்த்தது, பையன் இன்று நடக்கிறான். கூலி கேட்பது குற்றமா? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த இரண்டு மாதத்துக்குள் கோப்பு வக்கீலுக்குப் போயிருக்கலாம், வக்கீல் செலவும் அவர் தலையில் விழுந்திருக்கலாம். அத்தனை சிறிய தொகைக்கு, அதுவும் உத்தரவாதம் போட்ட ஒரு கிழவர் மேல், வழக்குப் போட்டதை என் நாளில் நான் பார்த்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பாட்டி காலத்தில் தோட்டத்துக் கடையில் கடன் எழுதும் சின்ன 555 புத்தகம் இருக்கும். அரிசி, சார்டின், மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும், சம்பளத்தன்று அடிபடும். ஆறு வருஷம் ஆனால் அழிந்துவிடும் என்று அந்தப் புத்தகத்துக்கு யாரும் சட்டம் போடவில்லை. பாட்டி தாத்தாவின் பாக்கியை அவர் போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்தாள் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த மண்ணில் வளர்ந்த மனுஷர்தான் இவரும். ஆனால் கடைக்காரர் பாட்டியின் முகத்தைப் பார்த்து எழுதினார். தீபாவளி மாதம் என்றால் அவராகவே ஒரு பக்கத்தைத் தள்ளிப்போடுவார். நான் ஒரு மஞ்சள் வரியைப் பார்த்துப் பேசினேன். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கே கூசுகிறது, இருந்தும் வைத்துப் பார்க்கிறேன்.

“நீ சொல்லியிருந்தாலும் அவரு கட்டத்தான் செஞ்சிருப்பாரு” என்பது அம்மாவின் கட்சி. இருக்கும். அப்படியானால் சொல்லியிருக்கலாமே. தெரிந்து கட்டுவது அவர் இஷ்டமாக இருந்திருக்கும். சொல்லியிருக்கலாம், கேட்டிருக்கலாம், இருந்திருக்கலாம். வேலையை விட்டும் அந்த இரண்டு எழுத்து என்னை விடவில்லை.

நான் அதற்காக வேலையை விட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். பேக்டரியில் ஓவர்டைமோடு சம்பளம் கூட, அதனால் போனேன். செப்டம்பர் வரை அந்தக் கடைவீட்டு மாடியில்தான் இருந்தேன்.

அதுவரை ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி, பழைய தோட்டத்துச் சம்பளக் கணக்கு மாதிரி, 50 வெள்ளி வந்துகொண்டிருந்தது. அவருக்கு எழுபத்தொரு வயது. இந்த வேகத்தில் முழுவதும் தீரப் பதின்மூன்று வருஷம் ஆகும். பேத்தி ஒவ்வொரு முறையும் குறிப்பில் தாத்தா 1, தாத்தா 2 என்று எண் போட்டு அனுப்புவாள். ஒன்பது வரைக்கும் நான் பார்த்தேன்.

பழனிக்குப் போனாரா என்று தெரியாது. எந்த மாதமும் ஏழாம் தேதி தவறவில்லை. போகவே இல்லையோ, போன இடத்திலிருந்தும் ஞாபகமாகக் கட்டச் சொன்னாரோ.