இரண்டு மைக்கில் ஒரு வில்லுப்பாட்டு

மாமாவின் வில்லுப்பாட்டுக் குழுவை வீட்டுக் கணினியிலேயே பதிவு செய்து தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டபோது கையில் இருந்தவை ஒரு பழைய மடிக்கணினியும் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளும்தான். ரீப்பரை 60 நாட்கள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம். தொடங்குபவருக்கு அது தாராளம். மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசேர்க்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக் செருகக்கூடியது ஒன்றை மட்டும் புதிதாக வாங்கினேன்.

இணையத்தில் பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் காட்டுகிறார்கள்: சீரான வேகத்தில் தாளம் தட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டு ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிந்து, பிறகு சேர்க்க வேண்டுமாம். கித்தார் வாசிக்கிறவர்களுக்கு அது சரிப்படலாம். வில்லுப்பாட்டில் கதை சொல்லிப் பாடும் தலைவரான அண்ணாவி கதையின் போக்குக்கேற்ப வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். குடமும் உடுக்கையும் அவர் வில்லில் அடிக்கும் வீசுகோலைப் பார்த்தே நடக்கின்றன. பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடாவிட்டால் கதையே நகராது. தனியாகப் பாட முடியுமா என்று கேட்டதற்கு மாமா, "மக்கா, எதிரில் ஆள் இல்லாமல் யாருக்குக் கதை சொல்வது?" என்றார். மெட்ரோனோம் பேச்சு அத்துடன் முடிந்தது.

ஆகவே எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். மாமாவின் வாயருகே மேடையில் பயன்படுத்தும் டைனமிக் மைக். குழுவுக்கு முன்னால் ஆறடி தள்ளி, தலைக்குச் சற்று மேலே, மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் ஒன்று. கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் இன்டர்ஃபேஸிலிருந்து போக வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தாவிட்டால் மைக் ஊமைதான்.

குடம், உடுக்கை, ஜால்ரா எல்லாம் கண்டென்சரின் ஒரே தடத்தில் விழுவதால் பிறகு எதையும் தனியாகக் குறைக்க இயலாது. ஆட்களை நகர்த்தித்தான் ஒலியைச் சமன்செய்ய வேண்டும். ஜால்ராக்காரரைப் பின்சுவர் வரை தள்ளினேன், அவருக்கு வருத்தம்தான். குடக்காரரை முன்னே இழுத்தேன். கொஞ்சம் பதிந்து, ஹெட்போனில் கேட்டு, மறுபடி நகர்த்தி என்று காலைப் பொழுது முழுவதும் இதிலேயே போனது. என்னைக் கேட்டால், பதிவு வேலையில் பாதி இதுதான்.

வில் நாணில் தொங்கும் மணிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். வசனம் வரும்போது அடங்கிக் கிடக்கும். ஆவேசமான இடத்தில் கோல் விழத் தொடங்கியதும் திரையில் ஒலி அளவைக் காட்டும் பட்டை சிவப்பைத் தொட்டுவிடும். கதையின் உச்சக்கட்டத்தை முதலில் பாடச் சொல்லி, அப்போதும் மைனஸ் 12 டெசிபலை, அதாவது உச்ச வரம்புக்கு 12 டெசிபல் கீழே உள்ள அளவை, தாண்டாதபடி வைத்தேன். நுணுக்கமான 24 பிட் தரத்தில் பதிந்தால் குறைவாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தினாலும் பாதகமில்லை. நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு தடங்களுக்கு ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரு ஜிபி இடம் பிடிக்கும்.

கோயில் கொடை விழாக் காலம் முடிந்த பிறகுதான் குழுவுக்கு ஓய்வு. கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் தோவாளையில் அது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் காலம். ஜன்னலைச் சாத்தினாலும் காற்றின் உறுமல் பதிவில் வந்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டியைப் போட்டால் உறுமல் போகும், குடத்தின் அடிநாதமும் மெலியும். 50-இல் நிறுத்திக்கொண்டேன். சுவர்களின் எதிரொலிக்கு மெத்தைகளையும் சாக்குகளையும் சாத்தினோம். விடாமல் கேட்ட ஒரு ரீங்காரம் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் நின்றது.

தனித்தனியாகப் பதியாததால், பாடுகிறவர் காதுக்குக் குரல் தாமதமாக வரும் தொல்லை எங்களுக்கு இல்லை. ஆகவே கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் ஒலித்துண்டின் அளவான பஃபரை 1024-க்கு உயர்த்தி வைத்தேன். தாமதம் கூடும், கணினிக்குச் சுமை குறையும். பழைய கணினி திணறாமல் ஓடியது.

அம்மன் கோயில் கமிட்டி பென்டிரைவில் கேட்டபோது இரு பக்கமும் ஒரே ஒலி வரும்படி மோனோவாக்கிக் கொடுத்தேன். இரு மைக்கும் இரு பக்கமாகப் பிரிந்திருக்கும் ஸ்டீரியோவில், குழாய் ஒலிபெருக்கிக்கு ஒரு பக்கத்தை மட்டும் இணைத்துவிட்டால் மாமாவின் குரல் காணாமல் போய்விடும். வெளியூர்ச் சொந்தங்களுக்கு ஸ்டீரியோ கோப்பை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினேன்.