பாட்டி மூன்று முறை பார்த்த அத்தி வரதர்

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர், நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 2019 ஆகஸ்டில் பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். அவருக்கு வயது 88. 1939, 1979 இரண்டிலும் பார்த்தவர்.

முதல் தடவை எட்டு வயது. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டுவண்டியில் கிளம்பியது, அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது, இவ்வளவுதான் ஞாபகம். அந்த ஆண்டு ஜூலை 8-ல்தான் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனார். செப்டம்பரில் உலகப்போர் மூண்டது. இதையெல்லாம் சொன்னால், "அதெல்லாம் யாருக்குத் தெரியும்? அந்த வருஷந்தான் எங்கப்பா ஜோடி மாட்ட வித்தாரு" என்பார்.

1979 நன்றாக நினைவிருக்கிறது, ஸ்கைலாப் புண்ணியத்தில். அமெரிக்கா விட்ட விண்வெளிக் கூடம் தலையில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியதாம். எதிர்வீட்டில் வளர்த்த கோழிகளையெல்லாம் அறுத்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். ஜூலை 11-ல் அது இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலுமாக விழுந்து தொலைந்தது. நான்கு நாளில் மொரார்ஜி தேசாய் ராஜினாமா. தாத்தா தறியை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் குடும்பத்தோடு கிளம்பியது அதற்கு அடுத்த வாரம்.

இந்த முறை சந்திரயான் 2 பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. டீக்கடை டிவியில் காஷ்மீர். தெருவெல்லாம் தலைகள். வரிசை நகரவே இல்லை. முதியவர்களுக்கான வழி என்று காட்டிய இடத்திலும் அதே நெரிசல். எனக்குப் பக்தியைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது, சரி, அதை விடுங்கள்.

வசந்த மண்டபத்தில் பெருமாள் நின்ற கோலம். ஒன்பது அடி உயர அத்திமர மேனி, கழுத்து மறைய மாலைகள். "நகருங்க, நகருங்க" என்ற சத்தத்துக்கு நடுவே நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினால், பாட்டி கைகூப்பியபடியே பட்டின் கரையைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெசவாளி பெண்டாட்டி அல்லவா. "கோர்வை சுத்தமா இருக்குடா" என்றார். உடலும் கரையும் சேரும் இடத்தில் பிசிறு தெரிகிறதா என்றுதான் தறிக்கார வீட்டுக் கண் முதலில் பார்க்கும். அதற்குள் எங்களைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே மூன்று முறை பார்த்தவர் என்று தெரிந்ததும் நாலைந்து பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு அம்மா, "மூணு தடவையும் என்ன பாட்டி வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"மொத தடவ ஒண்ணும் தெரியாது. அப்புறம் வந்தப்ப, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுல பதிஞ்சிட்டு ஒக்காந்திருந்த பெரியவனுக்கு ஒரு வேலை கெடைக்கணும்னு. இப்பவா? இந்தக் கும்பல்ல மிதிபடாம வீடு போய்ச் சேரணும்னுதாம்மா."