பெட்டியைப் பிளக்கும் நாட்குறிப்பு

மார்ச் 4

கணினியில் வரைந்து 3டி பிரிண்டரில் அச்சிட, சர்க்யூட் போர்டுக்கான மூடிய பெட்டி: 160 × 90 × 60 மி.மீ., சுவர் 3 மி.மீ. முதலில் ஒரே சாலிட் (கனவடிவம்). பிறகு அடிப்பாகம், மூடி எனப் பிளவு. தனித்தனியாக வரைந்தால் ஒவ்வொரு அளவையும் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், ஓரிடம் கட்டாயம் விட்டுப்போகும்.

ஃபியூஷன் என்ற 3டி வரைவு மென்பொருளில், சுவரை மட்டும் விட்டுக் குடையும் ஷெல் கட்டளைக்கு முகத்தைத் தொடாமல் பாடியையே (முழு வடிவத்தையே) கொடுத்தால், எந்தப் பக்கமும் திறக்காமல் உள்ளே மட்டும் குடையும். ஷெல் முன்னால், பிளவு பின்னால். வரிசை மாறினால் வெட்டுமுகத்திலும் 3 மி.மீ. சுவர் எழும்பும்.

மார்ச் 5

அடியிலிருந்து 42 மி.மீ. உயரத்தில் ஆஃப்செட் பிளேன் (தள்ளிவைத்த கற்பனைத் தளம்). மாடிஃபை மெனுவில் ஸ்பிளிட் பாடி: பிளக்கவேண்டியது பெட்டி, வெட்டுவது பிளேன். அதே மெனுவில் உள்ள ஸ்பிளிட் ஃபேஸை அழுத்தினால் முகத்தில் கோடு மட்டும் விழும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. கன அளவு காட்டிக்கொடுத்துவிடும்: முழுப் பெட்டி 165.456 க.செ.மீ., அடிப்பாகம் 100.296, மூடி 65.160. கூட்டினால் அப்படியே வருகிறது. மென்பொருளின் வெட்டு, ரம்பம்போல எதையும் தின்பதில்லை. அதனாலேயே இடைவெளியும் தருவதில்லை.

பிளேனுக்குப் பதில் சர்ஃபேஸால் (தடிமனில்லாத பரப்பால்) வெட்டினால் அது பாடியை எல்லாப் பக்கமும் தாண்டியிருக்க வேண்டும். அரை மி.மீ. குறைந்தாலும் பிளக்காது. வெட்டும் பரப்பைத் தானே நீட்டிக்கும் எக்ஸ்டெண்ட் ஸ்பிளிட்டிங் டூல் தட்டையான சர்ஃபேஸுக்குச் சரி. வளைந்ததை 5 மி.மீ. கூடுதலாக வரைந்துவிடுவதே நல்லது.

மார்ச் 7

இரண்டு பாடி வரவேண்டிய இடத்தில் ஆறு! மூடியிலிருந்து தொங்கும் 4 திருகுத் தூண்கள் பிளவுக்கு முன்பே வரையப்பட்டிருந்தன. நுனி 40 மி.மீ. உயரம்வரை இறங்குகிறது. 42-இல் வெட்டியதும் 2 மி.மீ. நுனிகள் நான்கும் எதையும் தொடாத தனி வில்லைகளாகிவிட்டன. அழித்தால் தூண் குட்டையாகும். தூண்களை டைம்லைனில் (செய்த படிகளின் வரிசையில்) பிளவுக்குப் பின்னே கொண்டுபோய், மூடி பாடியோடு மட்டும் ஜாயின் செய்ததில் சரியானது.

துளையிலும் கவனம் தேவை. எம்3 (3 மி.மீ. விட்டம்) திருகு அடியிலிருந்து ஏறுகிறது: அடிப்பாகத்தில் 3.4 மி.மீ., மூடித் தூணில் மரையிட 2.5 மி.மீ. கட் செய்யும்போது கண்ணுக்குத் தெரியும் பாடி எல்லாம் வெட்டுப்படும். மூடியை மறைக்காவிட்டால் 3.4 அங்கேயும் ஏறி, திருகு பிடிக்க இடமே இருக்காது.

மார்ச் 8

விளிம்புப் பொருத்தம். அடிப்பாகச் சுவரின் உள்பாதியில் 1.4 மி.மீ. தடிமன், 2 மி.மீ. உயரத்தில் உதடு. மூடியில் அதற்கான வெட்டு 1.6 அகலம், 2.3 ஆழம். பக்கவாட்டில் 0.2 இழை உருக்கும் பிரிண்டருக்கான தளர்வு. ஆழத்தில் 0.3 கூடுதலாக விட்டது, உதடு முட்டுவதற்குள் வெளிச்சுவர்கள் ஒன்றையொன்று தொட்டு உட்காரத்தான். நிறைய வரைபடங்களில் இந்த ஆழ இடைவெளி இருக்காது. அச்சிட்டபின் வெளியே கோடுபோல வாய் பிளந்து நிற்கும்.

செங்குத்து மூலைகளின் ஃபில்லட் (வளைவு) ஷெல்லுக்கும் முன்னே, பிளவு விளிம்பை மழுக்குவது எல்லாவற்றுக்கும் பின்னே.

மார்ச் 10

சாலிட்ஒர்க்ஸ் மென்பொருளில் இதே வேலைக்கு ஸ்பிளிட் ஃபீச்சர். வெட்டியதும் துண்டுகளுக்குக் கோப்புப் பெயர் தரலாம். ஆனால் ஸ்பிளிட்டுக்குப் பின் மூலக் கோப்பில் சேர்ப்பவை அந்தக் கோப்புகளுக்குப் போய்ச் சேராது. உதடும் துளையும் காணாமல்போவது இப்படித்தான். அதனால் ஸ்பிளிட்டில் பாடிகளாக மட்டும் பிரித்துவிட்டு, ட்ரீயின் (படிகளின் பட்டியலின்) கடைசியில் சேவ் பாடீஸ் மூலம் கோப்பாக்க வேண்டும்.

ஃப்ரீகேட் மென்பொருளில் பார்ட் ஒர்க்பெஞ்ச், ஸ்லைஸ் அபார்ட். பெட்டியை முதலிலும் வெட்டும் சர்ஃபேஸைப் பிறகும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மார்ச் 11

மீண்டும் ஃபியூஷனில் இன்டர்ஃபியரன்ஸ் சோதனை: மோதல் இல்லை. பாடிகளுக்குப் பெயரிட்டு, கிரியேட் காம்பொனன்ட்ஸ் ஃப்ரம் பாடீஸ் மூலம் தனிப் பாகங்களாக்கினேன். எஸ்டிஎல் (அச்சுக்கான கோப்பு) ஒவ்வொன்றாக, மி.மீ. அலகில். மூடியைத் தலைகீழாகப் படுக்கவைத்து அச்சிட்டால் தூண்களுக்குத் தாங்கி வேண்டாம்.