குரூப் 4 படிப்பும் ஆத்தங்குடித் தரையும் கொஞ்சம் பிலாட்டீஸும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறோம் என்றால் எந்தப் புத்தகம், எந்த கோச்சிங் என்று எல்லோரும் விசாரிப்பார்கள். எதில் உட்கார்ந்து படிக்கிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அப்பத்தா தனியாக இருக்கிறார். பெரிய வீடு, சத்தமே இருக்காது. படிக்கத் தோதான இடம் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஐயா (தாத்தா) காலத்துக் கணக்கெழுதும் சாய்வுப் பெட்டி ஒன்று கிடந்தது. துடைத்து எடுத்துப் போட்டு, சம்மணமிட்டு, அதன்மேல் குனிந்து காலையில் நான்கு மணி நேரம், சாயங்காலம் நான்கு மணி நேரம். ஐயா அதில் அரைமணி நேரம் வரவு செலவு எழுதிவிட்டு எழுந்து போயிருப்பார். நான் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள பாடப் புத்தகங்களை அதில் குனிந்தே முடித்தேன். மூன்றாவது மாதம் ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்கக் குனிந்தவளுக்கு நிமிர முடியவில்லை.

முதலில் எலும்பு டாக்டரிடம்தான் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். காலில் மரத்துப்போவது, வலி காலுக்கு இறங்குவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது போன்றவை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உடற்பயிற்சி எதையும் தொடவே கூடாது. எனக்கு அதெல்லாம் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து தசை சோர்ந்திருக்கிறது என்றார். பிசியோதெரபிஸ்ட் நாலைந்து அசைவுகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "வலி குறைஞ்சதும் பிலாட்டீஸ் பழகுங்க" என்றார். ஏதோ புதுப் பலகாரத்தின் பெயர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அது ஓர் ஆளின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ், 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் என்று நோஞ்சானாக இருந்தவர். முதல் உலகப்போரின்போது ஆங்கிலேயர்கள் அவரை மேன் தீவு முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே கூட இருந்தவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தே தன் முறையை வளர்த்தார். 1920களில் நியூயார்க் போய் ஸ்டுடியோ போட்டார். அடிபட்ட நடனக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் இதற்கு வைத்த பெயர் கன்ட்ராலஜி, அதாவது கட்டுப்பாட்டுக் கலை. எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது, விஷயம் முழுக்க அதிலேயே இருக்கிறது. வேகமும் எண்ணிக்கையும் இங்கே பெரிதில்லை. வயிற்றின் ஆழத்தில் இடுப்பைச் சுற்றி வார்போல ஓடும் தசை, முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகள், அடிவயிற்றுத் தளம், மூச்சுத்திரை எனும் உதரவிதானம் எல்லாம் சேர்ந்து உடம்பின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ள, மூச்சோடு சேர்த்துக் கைகால்களை மெதுவாக அசைப்பது. யோகாவில் ஓர் ஆசனத்தில் நிலைத்து இருப்போம். இதில் பெரும்பாலும் அசைந்துகொண்டே இருப்போம், ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு முறைதான்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தைத் தொடாமல் நேரே பழைய வினாத்தாளில் குதிப்பவர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி முதல் நாளே யூடியூபில் நாற்பது நிமிட வீடியோவைப் போட்டேன். அதில் 'ஹண்ட்ரட்' என்று ஒன்று. மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி, தலையையும் தோளையும் தூக்கி, ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட்டு, கைகளை மேலும் கீழும் நூறு முறை அடிக்க வேண்டும். அடித்தேன். வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை. வயிற்றுத் தசைக்குப் பலம் போதாதபோது கழுத்து அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தலையைத் தரையிலேயே வைத்திருங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம் ஒழுங்காக மூச்சிலிருந்து தொடங்கினேன். முழங்காலை மடித்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, மல்லாந்து படுக்க வேண்டும். கைகளை விலாவின் பக்கவாட்டில் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது வயிறு உப்பாமல் விலா இரண்டு பக்கமும் குடைபோல விரிந்து கையைத் தள்ள வேண்டும். வாயால் விடும்போது, அடுப்பில் ஊதாங்குழலால் ஊதுவோமே, அப்படிச் சீராக விட்டால் அடிவயிறு தானாக உள்ளே போகும். அந்த உள்ளிழுப்புதான் எல்லாப் பயிற்சிக்கும் அடித்தளம். வயிற்றை இரும்பாக இறுக்க வேண்டாம், பத்தில் மூன்று பங்கு போதும். இதற்கு மட்டும் எனக்கு ஒரு வாரம் ஆனது.

அப்பத்தா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, படிக்கப் போறேன்னுட்டு இப்படி மல்லாந்து கெடக்கே?"

"மூச்சு விடுறேன் அப்பத்தா."

"அத நின்னுக்கிட்டும் விடலாமுல்ல?"

அடுத்தது இடுப்பை நேராக வைக்கப் பழகுவது. படுத்த நிலையில் தொப்புளுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் நிஜமாகவே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பாதித் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கியதுமே சட்டை நனைந்தது. கால் அசையும்போது இடுப்பும் சேர்ந்து ஆடுகிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் சிந்தாமல் இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கி இறக்க மூன்று வாரம் பிடித்தது.

பிறகு பாலம். மூச்சை விட்டபடி வால் எலும்பில் தொடங்கி முதுகை மெல்லத் தரையிலிருந்து உரித்தெடுத்து இடுப்பைத் தூக்க வேண்டும். இறக்கும்போதுதான் பலன். ருத்ராட்ச மாலையை மணி மணியாகத் தரையில் இறக்கி வைப்பதுபோல, மேல்முதுகு முதலில், நடுமுதுகு அடுத்து, கடைசியாக இடுப்பு. தொப்பென்று விழுந்தால் அது கணக்கில் சேராது. குனிந்து படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் அவசியம்: குப்புறப் படுத்து, பார்வையைத் தரையிலேயே வைத்து, நெஞ்சை நாலு விரல் மட்டும் உயர்த்தி இறக்குவது. கடைசியில் நாலு காலில் நின்று பூனைபோல முதுகை வளைத்து நிமிர்த்துவது. என் பதினைந்து நிமிடம் இவ்வளவுதான், வாரத்துக்கு மூன்று நாள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. இந்த வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பார்க்க அழகு, வெயில் காலத்தில் படுத்தால் எழவே மனம் வராது. கண்ணாடிமேல் வார்த்துச் செய்வதால் அவ்வளவு வழவழப்பு. பாலத்தின்போது என் குதிகால் வழுக்கிக்கொண்டே போனது. கோரைப்பாயும் சேர்ந்து நழுவியது. ரப்பர் மேட் வாங்கும்வரை பாதத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து, ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுச் சமாளித்தேன். காலுறை போட்டுக்கொண்டு இந்தத் தரையில் செய்யாதீர்கள். விடியற்காலை ஐந்தரைக்கு வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) காற்று வரும், அதுதான் சரியான நேரம். சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் பொறுங்கள்.

பிலாட்டீஸ் ஸ்டுடியோக்களில் இருக்கும் ஸ்பிரிங் வைத்த ரிஃபார்மர் கருவி இல்லையே என்று கவலை வேண்டாம். 1945இல் ஜோசப் பிலாட்டீஸ் வெளியிட்ட புத்தகத்தில் இருந்த 34 பயிற்சிகளும் விரிப்பில் செய்பவைதான். கருவியை விட முக்கியம் பார்த்துத் திருத்த ஓர் ஆள். நான் ஒரு மாதம் மட்டும் ஆன்லைனில் காசு கட்டிக் கற்றுக்கொண்டேன். போனைப் பக்கவாட்டில் தரையோடு வைக்கச் சொன்னார் அந்த ஆசிரியை. இரண்டே வகுப்பில், நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் எல்லாவற்றையும் செய்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டார். வீடியோ பார்த்து ஒரு வருடம் செய்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. கர்ப்பிணிகளும், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் ஆசிரியர் இல்லாமல் தொடங்கக் கூடாது. எலும்பு மெலிந்தவர்களுக்கு முதுகை முன்னால் சுருட்டும் பயிற்சிகள் ஆகாது.

பலன் என்ன என்று கேட்டால், இடுப்பு வலிக்கு இது உதவுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட இதுதான் உசத்தி என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை. எடை குறையும் என்று நம்பி வந்தால் ஏமாற்றம்தான். அதற்கு நடக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது இரண்டு மாதத்தில் தெரிந்தது: நிமிர்ந்து உட்கார நினைப்பு வேண்டியிருக்கவில்லை.

தேர்வு அன்று அதன் அருமை புரிந்தது. 200 கேள்வி, மூன்று மணி நேரம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்ச். மாதிரித் தேர்வுகளில் நூற்றிருபதாவது கேள்வி வாக்கில் என் தலை ஓஎம்ஆர் தாளை முட்டும்; கண் வரிசை மாறும். இந்த முறை ஒவ்வொரு ஐம்பது கேள்விக்கும் பேனாவைக் கீழே வைத்தேன். இரண்டு பாதமும் தரையில், உட்காரும் எலும்பு இரண்டிலும் சமமாகப் பாரம், விலா விரிய மூன்று மூச்சு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசிக் கேள்வி வரை ஒரு வட்டமும் வரிசை மாறவில்லை.

வேலை கிடைத்ததா என்றால், இல்லை. கட் ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டேன். அது பொதுத்தமிழில் இலக்கணத்தில் கோட்டைவிட்டது, இடுப்பைக் குறை சொல்ல முடியாது. அடுத்த அறிவிப்புக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சாய்வுப் பெட்டியை இப்போது ஒரு பழைய முக்காலிமேல் ஏற்றி, நாற்காலி போட்டுப் படிக்கிறேன். முக்காமணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் அடித்தால் எழுந்து வளவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். அலாரத்தை நான் நிறுத்திவிட்டு உட்கார்ந்தே இருந்தால், உள்ளேயிருந்து அப்பத்தா குரல் கொடுக்கிறார்: "மூச்சு விட்டியாடி?"