சிலேட்டுச் சரிவுகள்: மோசல் நாட்குறிப்பு

அக்டோபர் 2, 2024, புதன். கோப்லென்ஸ்

நாளை ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், விடுமுறை. வெள்ளிக்கிழமைக்கும் லீவு போட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் கொலோனில் ரயிலேறி, எட்டு மணிக்கு இங்கே வந்து சேர்ந்தேன். பையை அறையில் போட்டுவிட்டு நேராக ஆறுகள் கூடும் முனைக்கு நடந்தேன். பிரான்சின் வோஜ் மலையில் பிறக்கிற மோசல், 544 கிலோமீட்டர் ஓடிவந்து இங்கேதான் ரைனில் கலக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மோசல் நகர்வதாகவே தெரியவில்லை. 1964-இல் பெரிய படகுகள் போவதற்காக ஆற்றை மறித்து மதகுகளும் தடுப்பணைகளும் கட்டி முடித்தார்கள். இங்கிருந்து ட்ரியர் வரைக்கும் மட்டும் பத்து இருக்கின்றன. அதனால் இது இன்று படிப்படியாக இறங்கும் நீண்ட குளங்களின் வரிசை மாதிரி.

அலுவலக நண்பனின் அம்மா மோசல் கரையில் திராட்சை பயிரிடுகிறார். நாளை மறுநாள் அவர் தோட்டத்தில் அறுவடை. "ஆள் பத்தவில்லை, வருகிறாயா?" என்று நண்பன் கேட்டான். மூன்று வருஷமாக ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்த சரிவு. கேட்டதும் சரி என்றேன்.

அக்டோபர் 3, வியாழன். பிரெம்

ட்ரியருக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆறு அந்தத் தூரத்தைக் கடக்க 190 கிலோமீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வளைவு. கொகெம் ஊரைத் தாண்டியதும் ரயில் மலைக்குள் புகுந்துவிடும். 4,205 மீட்டர் நீளச் சுரங்கம், 1879-இல் திறந்தது. ஆறு இருபது கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு வரும் இடத்துக்கு ரயில் சில நிமிடத்தில் வந்துவிடுகிறது. இருட்டு முடிந்து வெளியே வந்ததும் ஆறு, பாலம், எடிகர்-எல்லர் நிலையம். நிமிர்ந்தால் கால்மோன்ட்.

ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் இது. சில இடங்களில் சரிவு 65 பாகை வரை போகிறது. பாறையோரம் இரும்புக் கயிறும் ஏணியும் பொருத்திய ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. எல்லரிலிருந்து பிரெம் வரை அதில் நடந்தேன். பாதி வழியில் நின்று பார்த்தபோது ஆறு குதிரை லாடம் போல வளைந்து கிடந்தது. வளைவின் உள்பக்கம் சமநிலத்தில் ஸ்டூபன் கன்னிமடத்தின் கூரையற்ற சுவர்கள்.

இந்த வளைவுகள்தான் இங்கே திராட்சை விளைவதற்கே காரணம். 50 பாகை அட்சரேகை என்பது கொடிக்கு வடக்கில் ரொம்பத் தள்ளிய இடம், சூரியன் தாழ்வாகத்தான் போகும். ஆனால் தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவில் அந்தத் தாழ்ந்த வெயில் கிட்டத்தட்ட நேராக விழுகிறது. ஆற்றுநீர் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மீதியைக் கல் பார்த்துக்கொள்கிறது. இங்கே மண் என்பதே உடைந்த சிலேட்டுதான். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகிப் பாறையானது. சின்ன வயதில் பலப்பம் பிடித்து எழுதினோமே, அதே இனத்துக் கல். வெயில் போய் அரைமணி கழித்து ஒரு பட்டைக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தேன். காற்று சில்லென்றிருந்தது, கல் வெதுவெதுப்பாக இருந்தது. ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும் ரகம். அதற்கு அக்டோபர் இரவுகளில் இந்தச் சூடு வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி. அறுவடை

முதுகு நிமிரவில்லை. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. ஒன்பது மணிக்குத்தான் அக்கரை தெரிந்தது. நண்பன், அவன் அம்மா, வருஷாவருஷம் வரும் போலந்துத் தம்பதி, நான், ஐந்து பேர். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. கைப்பிடி எதுவும் இல்லாத கற்படிகளில் அவர் ஏறிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. தோட்டத்தை அவர்கள் பேச்சில் "விங்கெர்ட்" என்கிறார்கள்.

எனக்கு முதல் பாடம் வாளி. "வாளியை எப்பவும் கொடிக்கு மேல்பக்கம் வை. கீழே வைத்தால் அப்புறம் ஆற்றில் போய்த்தான் எடுக்கணும்" என்றார். ஒரு காலை மடக்கி மேல்படியில் ஊன்றி, மறுகாலை நீட்டிக் கல்லில் புதைத்து நிற்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் சிலேட்டு சலசலவென்று சரிகிறது.

இங்கே கம்பி வரிசை கிடையாது. ஒரு கொடிக்கு ஒரு கம்பம். போன வருஷத் தண்டு இரண்டை எடுத்து, ஆளுக்கொரு பக்கம் வளைத்து, கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பார்த்தால் இதய வடிவம். அழகுக்காகச் செய்ததல்ல. கம்பி கட்டினால் மேலும் கீழுமாக மட்டும்தான் நகர முடியும். தனிக் கம்பம் என்றால் சரிவில் குறுக்கே, மூச்சு வாங்காமல், கொடிக்குக் கொடி போகலாம்.

குலை கைக்கு அடக்கமாக, நெருக்கமாக இருக்கிறது. பழங்கள் சின்னவை, பச்சை மஞ்சளாகி வெயில் பட்ட பக்கம் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும். ஒவ்வொரு குலையையும் திருப்பி முகர்ந்து பார்க்கச் சொன்னார். காடி வாசம் வந்தால் அந்தப் பகுதியைக் கத்தரியால் சுரண்டி எறிய வேண்டும். ஊதா கலந்த பழுப்பில் சுருங்கி, தேன் மாதிரி மணந்தால் அது நல்ல பூஞ்சை. அதைத் தனி வாளியில் போட வேண்டும். அந்த மாதிரி ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன். உலர்திராட்சையின் இனிப்பு முதலில், எலுமிச்சைப் புளிப்பு பின்னால். மதியத்துக்குள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, குளவிகள் விடவில்லை.

அம்மா ஒரு பழத்தைக் கண்ணாடி மானியின் மேல் நசுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 82 எக்ஸ்லே. அதாவது ஒரு லிட்டர் சாறு, அதே அளவு தண்ணீரைவிட 82 கிராம் கூடுதல் எடை. பெரும்பாலும் சர்க்கரைதான். தலையசைத்தார், அடுத்த கொடிக்குப் போய்விட்டார்.

நிறைந்த பெட்டிகளைக் கீழே கொண்டுபோக ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டி இருக்கிறது. அது வருவதற்கு முன்னால் எல்லாம் முதுகுக் கூடைதான். மழையில் சிலேட்டு கீழே அடித்துக்கொண்டு போகும். அதைக் குளிர்காலத்தில் அதே கூடையில் அள்ளி மறுபடியும் மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்களாம். அம்மாவின் தாத்தா அப்படிச் சுமந்தவர். இந்த மலை தோட்டமாக இருப்பது அதன் இயல்பு என்று நான் நினைத்திருந்தேன். ரயிலிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பக்கத்துத் துண்டைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அதன் சொந்தக்காரர் ஆறு வருஷத்துக்கு முன் விட்டுவிட்டார். முள்ளுப்பழப் புதர் இடுப்பளவு ஏறியிருக்கிறது, காரை பூசாமல் அடுக்கிய கற்சுவர் இரண்டு இடத்தில் வயிறு தள்ளிச் சரிந்து கிடக்கிறது. ஆறே வருஷம். இந்தச் சுவர் இடுக்குகளில் முளைக்கும் குட்டிச் சதைச்செடியைத் தின்றுதான் மோசல் அப்பல்லோ வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. அந்த வகை கீழ் மோசலைத் தவிர வேறெங்கும் இல்லை, இப்போது அருகிவருகிறது. தோட்டம் புதரானால் சுவரில் வெயில் விழாது, செடியும் போகும், பூச்சியும் போகும்.

ஏப்ரல் கடைசி வார உறைபனியைப் பற்றிக் கேட்டேன். வசந்தம் முந்தியே சூடாகி, துளிர் நீண்டிருந்த நேரம் பார்த்து விழுந்த பனி. குளிர்காற்று கனமானது, வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் தாழ்ந்த நிலமும் பக்கப் பள்ளத்தாக்குகளும், சார், ரூவர் என்ற கிளையாறுகளின் பக்கமும் கருகின. இவருடைய மேட்டுச் சரிவு தப்பியது. "இந்த ஒரு வருஷம், ஏற முடியாத இடம்தான் காப்பாற்றியது" என்றார்.

சாயங்காலம் முற்றத்தில் பட்டாணிச் சூப். போன வருஷ ரீஸ்லிங் ஒரு கோப்பை. எட்டு சதவீத ஆல்கஹால்தான், பச்சை ஆப்பிள் வாசம். அப்போதுதான் சொன்னார், மேலே உள்ள நாலு அடுக்குத் தோட்டத்தையும் இந்தக் குளிர்காலத்தோடு விட்டுவிடப் போகிறாராம். என் மகனுக்கு ஒரு முதுகுதான் இருக்கிறது என்றார். நண்பன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 5, சனி. பெர்ன்காஸ்டெல்-கூஸ்

பஸ்ஸில் வந்தேன். வழியில் 2019-இல் திறந்த உயர்மோசல் பாலம். 1.7 கிலோமீட்டர் நீளம், பள்ளத்தாக்குக்கு மேலே 160 மீட்டர் அளவு உயரம். கட்டும்போது திராட்சைக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். கீழே நின்று பார்த்த எனக்கும் பிடிக்கவில்லை.

கூஸ் கரையில் புனித நிக்கோலாஸ் விடுதி. 1401-இல் இந்த ஊரில் பிறந்து கர்தினாலான நிக்கோலாஸ், 1458-இல் நிறுவிய முதியோர் இல்லம். ஏசு வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கில் 33 ஆண்களுக்கு இடம் வைத்தார். பாதிரியார் ஆறு, பிரபு குலத்தவர் ஆறு, சாதாரண மக்கள் 21. செலவைத் திராட்சைத் தோட்டங்கள் தாங்கின. இன்றும் அது முதியோர் இல்லமாகவே இயங்குகிறது. நடைபாதையில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி ஒரு பாட்டி எதிரே வந்தார். 566 வருஷம். அந்த வளைவுக் கூரைக்குக் கீழே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதே ஊரில்தான் 1926 பிப்ரவரி 25 அன்று, கடனிலும் வரியிலும் மூழ்கிய திராட்சை விவசாயிகள் ஊர்வலமாக வந்து வரி அலுவலகத்துக்குள் புகுந்து, கோப்புகளைத் தெருவில் எறிந்து கொளுத்தினார்கள். அந்த வருஷமே ஒயின் வரி போனது.

அக்டோபர் 6, ஞாயிறு. ட்ரியர்

காலையில் அருங்காட்சியகம். நோய்மாகனில் 1878-இல் கிடைத்த கல் ஒயின் கப்பல், ரோமானிய வியாபாரி ஒருவரின் கல்லறைச் சிற்பம். துடுப்புக்காரர்கள், நடுவே பீப்பாய்கள், முகத்தில் சிரிப்போடு ஒரு மாலுமி.

மதியம் பிரூக்கன் தெரு 10, மார்க்ஸ் பிறந்த வீடு. அவருடைய 1843 ஜனவரிக் கட்டுரைகள் இந்த ஆற்றோர விவசாயிகளைப் பற்றியவை. 1834-இல் ஜெர்மன் அரசுகளுக்கு இடையே சுங்க ஒன்றியம் வந்து தெற்கத்தி ஒயின் உள்ளே நுழைந்ததும் விலை விழுந்து, மோசல் கிராமங்கள் நொடித்துப்போயிருந்தன. பொருளாதாரத்தின் பக்கம் தான் திரும்பியதற்கு மோசல் விவசாயிகளைப் பற்றிய அந்த விவாதமும் ஒரு காரணம் என்று 1859-இல் அவரே எழுதியிருக்கிறார். நாலு அடுக்கை விடப்போகும் அம்மாவின் கணக்கு நேற்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. சமவெளியில் இயந்திரம் அறுக்கும் குலையை அவர் கையால் அறுக்கிறார். கடை அலமாரியில் இரண்டு புட்டியும் பக்கம் பக்கமாக நிற்கின்றன.

திரும்பும் ரயிலில் நண்பனிடமிருந்து செய்தி. பிழிந்த சாறு நுரைக்கத் தொடங்கிவிட்டதாம். ஜனவரியில் மேலடுக்குக் கம்பங்களைப் பிடுங்குகிறார்கள். அதற்கு வர வேண்டாம், மார்ச்சில் மீதிக் கொடிகளை வளைத்துக் கட்டும்போது வா என்று அம்மா சொல்கிறாராம். ஒரு வாரம் லீவு கேட்டு இப்போதே எழுதிவிட்டேன்.